கண்டியும் காண்டனும்

சென்ற தவணையில் ஒருநாள், எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆசியாவின் தேசப்படத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். எமது வகுப்பறைச் சுவரில் தொங்குவது பழைய படம். அதில் சீனத்தின் தலைநகர் பீக்கிங். தென்கரைப் பெருந்துறைமுகம் காண்டன். மாணாக்கர் கையிலிருந்த புதிய படநூலிலோ அவ்விடங்களில் பெய்ஜிங் என்றும் குவாங்சோ என்றும் அச்சிடப்பட்டிருந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வரும் மாணவியொருத்தி எழுந்து, "சேர், மாறினது ஊரா, பெயரா?" என்று வினவினாள். ஊர் மாறவில்லை, அவ்வூரார் வழங்கும் பெயரும் மாறவில்லை, ஆங்கிலத்தில் அதனை எழுதும் முறையே மாறியது என்று விடை கூறினேன். அவள் அமரவில்லை. "அப்படியென்றால் கண்டி, சேர்?" என்றாள்.

எளிய கேள்வி. ஆயினும் அதற்கு அன்றைய பாடவேளைக்குள் விடை கூற என்னால் இயலவில்லை. ஓர் ஊரின் பெயரை யார் இடுகிறார், யார் எழுதுகிறார், யார் அழிக்கிறார் என்பது பூமிசாத்திரப் பாடத்துள் அடங்கும் செய்தியன்று. அது வரலாற்றின் செய்தி. வரலாற்றிலும், அதிகாரம் எவர் கையிலிருந்தது என்னும் பகுதியைச் சார்ந்த செய்தி. அன்று சொல்ல இயலாது போனதை ஈண்டு எழுத முயல்கிறேன்.

காண்டன் என்னும் பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டில் சீனத்தின் தென்கரையை அடைந்த போர்த்துக்கேயர், குவாங்தொங் என்னும் மாகாணத்தின் பெயரைக் கேட்டு, அதனைத் தம் நாவுக்கு இசைந்தவாறு திரித்து, அம்மாகாணத்தின் தலைநகருக்கே சூட்டிவிட்டனர். நகரத்தாருக்கு அந்நகர் குவாங்சோ. கப்பலில் வந்தவருக்கோ நாட்டின் பெயரே நகரின் பெயராயிற்று. பின்வந்த ஆங்கிலேயர் போர்த்துக்கேயரின் பிழையை அப்படியே கடன் வாங்கினர். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் உலகத்தின் வணிகக் கணக்கேடுகளில் அப்பிழையே உண்மைப் பெயராக நிலவியது.

இனி நமது கண்டிக்கு வருவோம். இந்நகரின் பழம்பெயர் செங்கடகல நுவர. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேனாசம்மத விக்கிரமபாகுவின் காலத்திலிருந்து, இது தனியொரு மலைநாட்டு இராச்சியத்தின் தலைநகராயிற்று. சிங்கள மக்கள் இதனை மகா நுவர, அதாவது பெருநகர், என்றனர். பேச்சுவழக்கில் 'நுவர' என்ற அளவிலே இன்றும் நிறுத்திக்கொள்கின்றனர். கண்டி என்பதோ நகரின் பெயரன்று. 'கந்த உட ரட்ட', மலை மேலுள்ள நாடு, என்று இராச்சியம் முழுவதையும் குறித்த தொடரின் தலைச்சொல்லே அது. கந்த என்றால் மலை. போர்த்துக்கேயர் அம்முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு 'கந்தியா' என்று எழுதினர். அப்பெயர் ஒல்லாந்தர் வழியாகவும் ஆங்கிலேயர் வழியாகவும் நின்று நிலைத்தது. 1660 முதல் 1679 வரை இம்மலைகளிடையே சிறைவாசியாய் இருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இதனை நேர்மையாகவே குறித்துச் சென்றிருக்கிறான்: கண்டி என்பது கிறித்தவர் வழங்கும் பெயர், மலை என்னும் சிங்களச் சொல்லிலிருந்து அது வந்திருத்தல் கூடும், ஊரார் வழங்கும் பெயர்கள் வேறு. பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டாரின் சோற்றை உண்டு, இந்நாட்டாரின் மொழியைப் பேசியவனுக்கு அவ்வேறுபாடு புலப்பட்டது. ஆயினும், அவனுக்குப் பின்வந்த தேசாதிபதிகள் எவருக்கும் அது பொருட்டாகப் படவில்லை.

ஆகவே கண்டியும் காண்டனும் ஒரே கையால் எழுதப்பட்ட பெயர்கள் எனலாம். இரண்டிலும் நாட்டின் பெயர் நகரின் மேல் ஏற்றப்பட்டது. இரண்டிலும் முதலில் எழுதியவன் போர்த்துக்கேயன், நிலைநிறுத்தியவன் ஆங்கிலேயன். இரண்டிலும் ஊராரை எவரும் கேட்டதில்லை.

* * *

ஒலி பிறழ்வது மனித நாவின் இயல்பு. அதனை மட்டும் வைத்து ஒருவர் மீது குற்றம் சுமத்துதல் நேர்மையாகாது. பீக்கிங் என்னும் பெயரையே பாருங்கள். அது வெறும் செவிப்பிழையன்று. 'ஜிங்' என்று இன்று ஒலிக்கும் சொல் முற்காலத்தில் 'கிங்' என்றே ஒலித்தது. வட சீனப் பேச்சில் அக்ககரம் பிற்காலத்தில் மெலிந்து மாறியது. கன்னடத்தார் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்கிறோமன்றோ? அத்தகைய மாற்றமே அது. அமோய் என்று ஆங்கிலேயர் எழுதிய துறைமுகத்தைப் பெய்ஜிங் வழக்கில் ஷியாமென் என்பர். அமோய் என்பதோ அவ்வூர் மக்கள் பேசும் புக்கியன் வழக்கின் ஒலியைத் தழுவியது. இவற்றுள் எது பிழை, எது சரி என்று கூறுவது எளிதன்று.

சீனரும் பிறர் பெயர்களைத் தம் விருப்பப்படியே வழங்கினர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்துக்கு வந்து இரண்டாண்டுகள் தங்கிய பாகியன் என்னும் பிக்கு, நமது தீவைச் 'சிங்க நாடு' என்று பொருள்பெயர்த்தே எழுதினார். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் செங் ஹோவின் கல்வெட்டு காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியில் அமைந்த அக்கல்லின் சீனப்பகுதி இத்தீவை 'ஷிலான்' என்கிறது. புத்தருக்கும், தெவிநுவரையில் எழுந்தருளியிருந்த நாயனாருக்கும், அல்லாவுக்கும் தனித்தனியே காணிக்கை கூறும் கல் அது. அடுத்த வருகையின்போது, 1411இல், கம்பளை இராச்சியக் காலத்தில் செல்வாக்கோங்கிய அழகக்கோனார் குடியைச் சார்ந்த ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றதும் அதே செங் ஹோவின் கப்பற்படைதான். அழகிய சொற்கள் பொறித்த கல்லைக் கொணர்ந்தவரும், படை கொணர்ந்தவரும் ஒருவரே என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே, பெயர் பிறழ்வதன்று நமது வழக்கு. பிறழ்ந்த பெயரை, அவ்வூரார் தம் வாழ்க்கைக்கே பயன்படுத்தியாக வேண்டிய ஒரே பெயராக ஆக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதே வழக்கு.

அதிகாரம் எப்படி வந்தது என்பதற்குச் சீனமே தெளிவான சான்று. பிரித்தானியர் சீனத்தேயிலையைக் கொள்வனவு செய்ய வெள்ளி கொடுத்துச் சலித்தனர். வெள்ளிக்கு மாற்றாக வங்காளத்து அபினை விற்றனர். அபினைத் தடுத்த சீன அரசின் மீது பீரங்கி தொடுத்தனர். 1842இல் நான்கிங் உடன்படிக்கை காண்டன், அமோய், பூச்சோ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. சுங்கம் அந்நியரின் மேற்பார்வைக்கு உட்பட்டது. அச்சுங்கத் திணைக்களத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் ரொபர்ட் ஹார்ட். சீனத்தின் நவீன தபாற்சேவை அச்சுங்கத்தின் மடியில்தான் வளர்ந்தது. 1906இல் ஷாங்காயில் கூடிய தபால் மாநாடு சீன ஊர்களின் பெயரை இலத்தீன் எழுத்தில் எவ்வாறு எழுதுவது என முடிவுசெய்தது; ஏற்கெனவே வழக்கிலிருந்த பெயர்கள் பல அவ்வாறே உறுதிப்படுத்தப்பட்டன. கடிதம் சுமந்தவரே ஊருக்குப் பெயர் சொல்பவரும் ஆயினர். தபாலும் சுங்கமும் எவர் கையிலோ, முகவரியும் அவர் கையில்.

இந்நிலையைச் சீன மக்கள் தம் புரட்சிக்குப் பின்னரே மாற்றினர். 1958இல் தேசிய மக்கள் காங்கிரஸ் பின்யின் என்னும் எழுத்துமுறையை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் நோக்கம் அந்நியருக்குப் பெயர் கற்பிப்பதன்று. எழுத்தறியாத கோடிக்கணக்கான தம் மக்களுக்கு வாசிப்பைக் கற்பிக்கவும், பொதுமொழியைப் பரப்பவுமே அது வகுக்கப்பட்டது. 1977இல் ஐக்கிய நாடுகளின் மாநாடு சீன இடப்பெயர்களுக்கு அம்முறையைப் பரிந்துரைத்தது. 1979 சனவரி முதலாந் திகதியிலிருந்து சீன அரசின் அந்நியமொழி வெளியீடுகளில் அதுவே கட்டாயமாயிற்று. பின்னர் மேலைநாட்டுப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக அதனைப் பின்பற்றின. எமது வகுப்பறையின் சுவர்ப்படத்துக்கும் படநூலுக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவுதான்.

* * *

சீனப்பெயர்கள் ஆங்கிலேயர் வாயில் ஏறி, நமது கண்டி மலைகளுக்கும் வந்து சேர்ந்தன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைச் சுமந்து வந்தது தேயிலை.

பேராதனைப் பூங்காவில் 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி நடப்பட்டது. 1841 அளவில் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தை நிறுவிய டி வோம்ஸ் சகோதரரும் சீனச் செடியை இட்டுப் பார்த்தனர். ஆயினும், அக்காலம் கோப்பியின் காலம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின்னரே, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலையின் பக்கம் முதலாளிகளின் கண் திரும்பியது. சீனத்தில் விலைகொடுத்து வாங்கியதைத் தம் குடியேற்ற நாட்டில் தாமே விளைவிக்கலாம் என்பது பிரித்தானிய மூலதனத்தின் கணக்கு. அக்கணக்கு அசாமில் தொடங்கிக் கண்டிச் சீமையில் முற்றுப்பெற்றது.

அச்செடியோடு அதன் சொற்களும் வந்தன. இன்றும் நமது தொழிற்சாலைகளில் தூளைத் தரம் பிரிக்கையில் 'பீக்கோ' என்கின்றனர். அது 'வெண்மயிர்' என்னும் பொருளுடைய புக்கியன் சொல். இளங்கொழுந்தின் மேலுள்ள வெண்பூனைமயிரைக் குறித்தது. 'சூச்சொங்' என்பது சிறுவகை என்று பொருள்படும். 'போகீ' என்று ஆங்கில வணிகர் வழங்கிய தேயிலையின் பெயர், வூயி என்னும் மலையின் பெயரே. கண்டி நகரின் பெயரானதுபோல, அங்கே ஒரு மலை ஒரு சரக்கின் பெயராயிற்று. 'கொங்கோ' என்று வழங்கிய இன்னொரு வகையின் சீன மூலச்சொல்லுக்கு உழைப்பு என்பது பொருள். பெட்டியின் மேல் உழைப்பு என்றே எழுதியிருந்தது. வாங்கியவருக்கு அதனை வாசிக்கத் தெரியவில்லை!

நமது தேயிலையும் அவ்வாறே பெயர் பெற்றது. 1972இல் நாடு இலங்கைக் குடியரசாயிற்று. ஆயினும் தேயிலை 'சிலோன்' தேயிலையாகவே விற்கப்படுகிறது. சீனர் நம் நாட்டைச் 'சிலிலான்கா' என எழுதப் பழகிவிட்டனர். தேயிலையை மட்டும் இன்றும் 'ஷிலான்' தேயிலை என்கின்றனர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோதும் சரக்குக்குப் பழைய பெயரே இலாபகரமாய் இருக்கிறது. சந்தை தன் பெயர்களை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

* * *

இனி, அந்த மாணவியின் ஊருக்கு வருவோம்.

கண்டியிலிருந்து தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட, புசல்லாவை ஆகிய பக்கங்களுக்குச் செல்வோர், மலைச்சரிவுகளில் நாட்டிய பலகைகளைக் கண்டிருப்பர். ரொத்சைல்ட், ஹோப், ரூக்வுட், கிரேட் வெலி, நியூ பீக்கொக், லெவலன், டெல்டா. ரொத்சைல்ட் என்பது ஐரோப்பாவின் பெரும் வட்டிக்கடைக் குடும்பத்தின் பெயர். தோட்டத்தை வாங்கிய சகோதரருக்கு அக்குடும்பம் உறவு. ஹோப் என்றால் நம்பிக்கை. எவருடைய நம்பிக்கை என்று கேட்பது வீண். அப்பாலுள்ள அட்டன் நகரின் பெயரும் ஸ்கொத்லாந்திலிருந்து வந்ததே.

எல்லாத் தோட்டங்களும் அந்நியப் பெயர் பெறவில்லை. பல தோட்டங்களில், காடழிக்கப்படுமுன் அங்கு வழங்கிய சிங்களப் பெயரே எஞ்சியது. ஆனால் துரையின் எழுத்தில் எஞ்சியது. லூல்கந்துரை என்பது விரால்மீன் ஓடை என்று பொருள்படும் என்பர். முல்லோயா என்பதில் உள்ள 'ஓயா' சிற்றாறு. சிற்றாறும் ஓடையும் தோட்டமாயின. மீனும் நீரும் பெயரிலிருந்து மறைந்தன. பெயர் பத்திரத்தின் தலைப்பாயிற்று. அக்காட்டோடு உறவு பூண்டிருந்த சிங்கள உழவர், 1840இல் இயற்றப்பட்ட முடிக்குரிய காணிச் சட்டத்தால் அதில் உரிமை காட்ட இயலாது போயினர். ஆக, தோட்டத்தின் பெயர்ப்பலகை ஒன்றிலேயே இரண்டு மக்களின் கதை புதைந்திருக்கிறது: நிலம் பறிகொடுத்தவர் ஒருவர், அந்நிலத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் மற்றவர்.

அக்கூலிக்கு வந்தவர் தமிழகத்து ஊர்களிலிருந்து மன்னார்க் கரையேறி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டவர்க்குக் கணக்கில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற நினைவு நடைபயணம் அவ்வழியையே பின்பற்றியது. வந்தவர்கள் துரையின் பெயர்களை அப்படியே விழுங்கிக்கொள்ளவில்லை. மலைகளுக்கும் பிரிவுகளுக்கும் தமக்கென்று பெயர்கள் வைத்தனர். மேற்கணக்கு, பணியக்கணக்கு, புதுக்காடு, பத்துக்காம்பரா லயம், பணிய லயம், நாலாம் நம்பர் மலை: இவை எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஊர்கள். தோட்டங்களுக்கும் தமிழ்ப்பெயர்கள் வழங்கின. தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்கு அப்பெயர்கள் வேண்டியிருந்தமையால், துரைமார் கையேடாய் விளங்கிய பெர்குசன் ஆண்டேடு தோட்டங்களின் தமிழ்ப்பெயர்களையும் அச்சிட்டது. ஆள் சேர்க்கவும் வேலை வாங்கவும் பயன்பட்ட அப்பெயர், காணி உறுதியில் ஏறவில்லை. தபால் முத்திரையில் ஏறவில்லை. பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலும் ஏறவில்லை.

எனினும், ஒரு பெயரை மக்கள் தமதாக்கிக்கொள்ளும் வழி வேறொன்றும் உண்டு. 1940 சனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்தின் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அன்றிலிருந்து 'முல்லோயா' என்பது ஒரு தோட்டத்தின் பெயர் மட்டுமன்று. சிங்கள மக்களின் சிற்றாறு, ஆங்கிலத் துரையின் எழுத்தில் ஏறி, தமிழ்த் தொழிலாளியின் குருதியில் நனைந்து, இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் சொல்லாயிற்று. பெயரிட்டவன் எவனாயினும், அதற்குப் பொருள் கொடுப்பவர் அதன்கண் வாழ்ந்து போராடுபவரே.

* * *

இவை யாவும் பழங்கதை, இன்று இதனால் யாருக்கு என்ன குறை என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு இரு செய்திகள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி பிரசாவுரிமை கோருவோர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வதிந்ததை எழுத்தில் மெய்ப்பிக்க வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சம் பேரைக் குறித்து விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 மக்களை எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு முடிவுக்கு. வதிவை மெய்ப்பிப்பதாயின், வதிந்த இடத்துக்குப் பெயர் வேண்டும். அப்பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் ஒன்றாயிருத்தல் வேண்டும். எழுதத் தெரியாத ஒருவர் வாயால் கூறிய ஊரை, எழுதத் தெரிந்த ஒருவர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினால், மூன்று பத்திரங்களில் மூன்று ஊர்கள் தோன்றும். அந்த மக்கள் இந்தியா சென்றபின், அங்கே அவர்களைக் 'கண்டிக்காரர்' என்றனர். இங்கே 'இந்தியத் தமிழர்', அங்கே 'கண்டிக்காரர்'. இருந்த இடத்தின் பெயர் இல்லாத இடத்தில்தான் கிடைத்தது. நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது செய்தி அந்த மாணவியைப் பற்றியது. அவள் தமையன் அண்மையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். தந்தையாரின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் ஒருவிதம். அடையாள அட்டையில் வேறுவிதம். அவன் பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது விதம். மூன்றும் ஒரே லயம். நான்கு தலைமுறை வாழ்ந்த அதே பத்துக்காம்பரா லயம். ஓர் அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது. திருத்திக்கொண்டு மீண்டும் அனுப்புமுன் இறுதித் திகதி கடந்துவிட்டது. திருப்பியனுப்பிய கடிதமும் நேரே வீட்டுக்கு வரவில்லை. லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதிப்பெயரும் இல்லை. தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வந்து சேர்ந்தது. சீனத்தில் சுங்கத்தாரிடம் தபால் இருந்த காலத்தை மேலே கூறினேன். நமது மலைகளில் அக்காலம் முற்றாகக் கழிந்துவிட்டது என்று எவர் கூறவல்லார்?

தோட்டம் ஓர் ஊரன்று என்பதே சட்டத்தின் எண்ணமாய் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் செலவிட வழியிருக்கவில்லை. 2018இல் செய்த திருத்தத்தின் பின்னரே அவ்வழி திறந்தது. தோட்டங்களை அரசு 1975இல் சுவீகரித்தது. 1992இல் நிர்வாகத்தை மீண்டும் கம்பனிகளிடம் கொடுத்தது. உடைமை கைமாறியது, பெயர்ப்பலகை மாறவில்லை, லயம் லயமாகவே இருந்தது.

* * *

அவ்வாறாயின், எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? அத்துணை எளிதன்று.

கண்டி நகரிலேயே வீதிப்பெயர்கள் மாறியிருக்கின்றன. ஆங்கிலத் தேசாதிபதி ஒருவரின் பெயர் தாங்கிய வோட் வீதி தலதா வீதியாயிற்று, அது தக்கதே. திருகோணமலை வீதியோ டி. எஸ். சேனாநாயக்க வீதியாயிற்று. ஒரு தமிழ் ஊரின் பெயர் நீங்கி, 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது பிரதமராயிருந்தவரின் பெயர் அங்கு ஏறியது. மதுரையிலிருந்து வந்த நாயக்க மன்னரின் உறவினர் வாழ்ந்த தெருவுக்கு ஆங்கிலேயர் இட்ட 'மலபார் வீதி' என்னும் பெயர், தென்னிந்தியர் அனைவரையும் மலபாரிகள் என்று அவர்கள் எண்ணிய அறியாமையின் நினைவுச்சின்னம். அந்நியன் எழுதிய பெயரை அழிப்பவர் யார், எதற்காக அழிக்கிறார், அழித்த இடத்தில் எதனை எழுதுகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். சீனத்திலும் இக்கேள்வி உண்டு. பின்யின் முறை அந்நியரின் எழுத்தை அகற்றியது. கூடவே தலைநகரத்தின் உச்சரிப்பை நாடெங்கும் ஒரே அளவுகோலாக்கியது. அமோய் மக்களின் ஊர்ப்பெயர் இன்று உலகப்படத்தில் அவர்கள் வீட்டில் பேசும் ஒலியில் இல்லை.

நம் தமிழிலும் குறை உண்டு. சீனப்பெயர்களை நாம் சீனத்திடமிருந்து பெறுவதில்லை. ஆங்கிலப் பத்திரிகையின் எழுத்துக்கூட்டலிலிருந்து பெறுகிறோம். சீனர் தம் ஒலிக்கென்று தேர்ந்த இலத்தீன் எழுத்தை ஆங்கில முறையில் படித்து, 'ஷி' என்பதை 'ஜி' என்கிறோம். 'சிங்' வமிசத்தைக் 'கிங்' என்று எழுதுவோரும் உளர். தொலைவிலுள்ள சீனத்துக்கு இது நேர்ந்தால் பொறுக்கலாம். பக்கத்து வீட்டுச் சிங்களவரின் ஊர்ப்பெயருக்கும் இன்று இதுவே நேர்கிறது. கம்பளை, மாத்தளை, பேராதனை, நாவலப்பிட்டி, இறம்பொடை என்ற பெயர்களைக் கவனியுங்கள். இவை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஆக்கியவையல்ல. சிங்கள மக்களின் வாயிலிருந்து தமிழ் மக்களின் செவி நேரே வாங்கி, தமிழின் ஓசைக்கு இசைத்து ஆக்கிக்கொண்டவை. சந்தையிலும் வழிநடையிலும் இரு மொழியாரும் ஒருவரோடொருவர் பேசியதன் சான்றுகள் அவை. அவற்றைக் கைவிட்டு, ஆங்கிலப் பலகையைப் பார்த்துக் 'கம்பொல', 'ரம்பொட' என்று எழுதும் வழக்கம் இன்று பெருகிவருகிறது. இரு மக்களுக்கும் இடையே மூன்றாமவனின் எழுத்தைத் தரகாக வைத்துக்கொள்வதே அது.

கண்டி என்னும் பெயரை நாம் மாற்ற வேண்டியதில்லை. தமிழ் மக்கள் நெடுங்காலம் வழங்கி அதனைத் தமதாக்கிக்கொண்டனர். சிங்கள மக்கள் நுவர என்பதைக் கைவிட்டதுமில்லை. இரண்டும் ஒருங்கே வாழலாம். நாம் செய்யவேண்டியது வேறு. எழுதப்படாத பெயர்களை எழுத வேண்டும். எழுதப்பட்ட பெயர்களின் வரலாற்றைக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் இலக்கமும், ஒவ்வொரு பாதைக்கும் பெயரும், அப்பெயரைச் சூட்டும் உரிமை அங்கு வாழ்வோருக்கும் உண்டு என்று ஆசிரியரும் மாணவரும் தொழிற்சங்கத்தாரும் கூடிக் கேட்க வேண்டும்.

மறுவாரம் அவ்வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, தம் ஊரிலுள்ள மலை, ஓடை, பாதை, லயம் ஆகியவற்றின் பெயர்களை எழுதி வருதல் வேண்டும். சிங்களம் அறிந்த மாணாக்கர், அயற்கிராமத்தார் அதே இடங்களுக்கு வழங்கும் பெயர்களையும் கேட்டு வருதல் வேண்டும். அந்த மாணவி ஒரு முழுத்தாளும் நிரப்பிக்கொண்டு வந்தாள். அவற்றுள் ஒன்றேனும் நான் முன்பு கேள்வியுற்றதன்று. ஓர் ஓடைக்கு மட்டும் இரு மொழியிலும் ஒரே பொருளுள்ள பெயர் வழங்குவதை அவளே கண்டு, கோடிட்டு வைத்திருந்தாள். அத்தாள்கள் இப்போது பீக்கிங்கும் காண்டனும் உள்ள பழைய படத்தின் பக்கத்தில், அதே சுவரில் தொங்குகின்றன.